பாட்டு முடியும்வரை

கழுதைக்குப் பின்னால் நடந்துகொண்டு பாடினால் தாளம் நேராகும் என்று எனக்குச் சொன்னவர் யார் என்பது இப்போது நினைவில்லை. எங்கள் தீவில் கழுதைகளுக்குக் குறைவில்லை என்பதால் செய்து பார்ப்பதில் சிரமம் இருக்கவில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்து மன்னார்ப் பட்டினத்துக்கு உப்பு சுமந்து போகும் ஒரு கிழட்டுக் கழுதையின் பின்னால், அதன் குளம்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பாடியபடி நடந்தேன். பாதி வழியில் கழுதை ஓடத் தொடங்கிவிட்டது. என் பாட்டுக்குப் பயந்து ஓடியது என்று ஊர் சொல்லிச் சிரித்தது. அது சரியல்ல. நான் விரைந்தேன், அதனால் கழுதையும் விரைந்தது. என்னோடு சேர்ந்த எதுவும் ஒரே நடையில் நிற்பதில்லை. அதுதான் என் குறை.

ஐயா, கலந்தர் எப்படி இறந்தான் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து தொடங்காவிட்டால் விளங்காது. நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதலியார், கடல் வேலை உங்களுக்குப் பழக்கமில்லை. உங்களுக்கு விளங்கினால்தான் துரைக்கு இங்கிலீசில் சரியாகச் சொல்ல முடியும்.

எனக்கு நல்ல குரல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காலில் ஆறு விரல் உள்ளவன் அதைச் சொல்வதுபோலத்தான் சொல்கிறேன். முத்துக்குளிப்புச் சலாபம் நடக்கும் காலத்தில், சிப்பி எடுத்துக்கொண்டு வள்ளங்கள் எல்லாம் பிற்பகலில் கரைக்குத் திரும்பும். காற்று விழுந்துவிட்டால் துடுப்பு வலித்துத்தான் வர வேண்டும். அப்போது ஒருவன் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொண்டு, அந்த ஏலேலோவில் வலிப்பார்கள். எங்கள் வள்ளத்தில் அந்தப் பாட்டு என்னுடையது. நாங்கள் வருவதைக் கரையில் நிற்பவர்கள் பாயைப் பார்த்து அறிவதில்லை, என் குரலைக் கேட்டே அறிவார்கள். பெண்கள் கிடுகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். உம்மு குல்சூம் என்னைக் கட்டுவதற்கு முன்பே என் குரலைக் கேட்டிருந்தாள். மாப்பிள்ளை யார் என்று அவளுடைய உம்மா சொன்னபோது, "அந்தப் பாடுற ஆளா?" என்று மட்டும்தான் கேட்டாளாம்.

ஆனால் குரல் ஒன்று, நடை ஒன்று. பாட்டைத் தொடங்கும்போது சரியாகத்தான் தொடங்குவேன். இரண்டாம் அடி வரும்போது ஏதோ ஒன்று என்னைப் பின்னாலிருந்து தள்ளும். மூன்றாம் அடி முந்தி விழும். நான் விரைவது எனக்குத் தெரியாது, மற்றவர்கள் பிந்துகிறார்கள் என்றே தோன்றும். குரல் நன்றாயிருந்ததால் நெடுங்காலம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தண்டல் சீவரத்தினம் மட்டும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு புருவத்தைச் சுருக்குவார். தண்டல் என்றால் வள்ளத்துக்குப் பொறுப்பானவர். அவர் இலுப்பைக்கடவையைச் சேர்ந்தவர், அதிகம் பேசாத மனிதர்.

போன சலாபத்தில் ஒருநாள் கடல் கொந்தளிப்பாக இருந்தது. காற்றோ இல்லை. எல்லோரும் களைத்திருந்தார்கள், நான் பாட்டை எடுத்தேன். பாதிப்பேர் என் விரைவுக்கு வலித்தார்கள், பாதிப்பேர் அலைக்கு வலித்தார்கள். துடுப்போடு துடுப்பு மோதியது. ஒரு துடுப்பின் பிடி பின்னால் பாய்ந்து, எங்கள் வள்ளத்துச் சனூனின் தாடையில் அடித்தது. தாடை உடைந்துவிட்டது. பிறகு அது சரியாகப் பொருந்தவேயில்லை. இன்றைக்கும் அவன் பேசுவது வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். அவன் என்மேல் கோபப்படவில்லை. "அல்லாட நாட்டம்" என்று கையால் காட்டினான்.

கரைக்கு வந்ததும் தண்டல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீர் இனி அம்பா எடுக்க வேண்டாம் ஜுனைதீன். கயிறு பிடியும். இன்னொரு ஆளின்ர தாடை உடையிறதை நான் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது."

"அப்ப ஆர் பாடுறது?"

"கலந்தர் பாடட்டும்."

கலந்தர் உம்மு குல்சூமின் தம்பி, என் மச்சான். எங்கள் வள்ளத்தில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் சுழியோடி. அவனுக்குக் குரலே கிடையாது. கூரையில் ஓலை உரசுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவனே தண்டலிடம், "எனக்கென்ன பாட்டு வரும்?" என்று சொல்லிச் சிரித்தான். ஆனால் மறுநாள் அவன் பாடியபோது துடுப்புகள் எல்லாம் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. வள்ளம் எண்ணெய் பூசியதுபோலப் போனது. நான் முன்பக்கத்தில் ஈரக் கயிறுகளின்மேல் உட்கார்ந்திருந்தேன். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

எனக்கு அவன்மேல் பொறாமை என்று ஊரில் சொல்வார்கள், ஐயா. அதை எழுதிக்கொள்ள வேண்டாம். அவனைச் சிறுவயதிலிருந்து எனக்குத் தெரியும். அவன் சுன்னத்துக் கலியாணத்தில் குதிரைக்கு முன்னால் பாடிக்கொண்டு போனவன் நான். எனக்கு வேண்டியிருந்தது என் பாட்டு. அது திரும்பக் கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடாமலிருக்கும் வாய் எதற்குத் தின்ன வேண்டும் என்று இருந்தது. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். பள்ளிமுனைப் பக்கம் கரைவலை இழுப்பவர்களின் பாட்டுக் கேட்டால் வேறு வழியாகச் சுற்றிப் போவேன். தாளத்தை நேராக்க ஒருவன் என்னென்ன செய்யலாமோ அதையெல்லாம் செய்தேன். அலைக்குப் பாடினேன். அலை ஒருநாள்போல ஒருநாள் இருப்பதில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து என் நாடிக்கே பாடினேன். நாடியும் என்னோடு ஓடியது. உம்மு குல்சூமை நெல் குத்தச் சொல்லி, உலக்கை விழும் சத்தத்துக்குப் பாடிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க என்னை விரட்டுறீங்கள்" என்றாள். "என்ர கை நோகுது. உங்கட பாட்டுக்கு இடிக்க ஆராலயும் ஏலாது."

"நான் எங்க விரட்டினன்? நீதான் கெதியாக் குத்துறாய்."

அவள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளம் உடைந்திருந்தது.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது, வேலிக்கு வெளியிலேயே உலக்கைச் சத்தம் கேட்டது. அவள் தனியாகக் குத்திக்கொண்டு முணுமுணுத்தாள். பாட்டு என்னுடையது. அந்தச் சொற்களைக் கட்டியவன் நான்.

கல்லோடு போனவனே – ஏலேலோ
கரை உனக்குத் தூரமில்லை – ஏலேலோ
வெயில் சாயு முன்னாலே – ஏலேலோ
வீடு வந்து சேர்ந்திடலாம் – ஏலேலோ

பாட்டு என்னுடையது, நடை கலந்தருடையது. உலக்கை ஒருமுறைகூடப் பிசகவில்லை. நான் படலையைத் திறக்காமல் திரும்பிப் போய்விட்டேன். கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. அந்த நிலைமை உங்களுக்குத் தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

கலந்தர் என்னைத் தேடிக்கொண்டு அங்கேதான் வந்தான். பக்கத்தில் குந்தினான்.

"மச்சான், கோவிக்காதீங்க. ஒண்டு சொல்லட்டா?"

"சொல்லு."

"நீங்க மூச்சுக்குப் பயந்து பாடுறீங்க. அடி முடியுமுன்னம் மூச்சு முடிஞ்சிரும் எண்டு ஓடுறீங்க. மூச்சு அப்பிடி லேசில முடியாது. முடிஞ்சிட்டு எண்டு நினைக்கிற இடத்துக்குப் பிறகும் கொஞ்சம் கிடக்கு. கீழ போற எங்களுக்கு அது தெரியும்."

"என்னையும் கீழ வரச் சொல்லுறியா?"

"வேணாம். நான் கீழ இருக்கிறன். நீங்க மேல கயித்தப் பிடிச்சுக்கொண்டு பாடுங்க. பாட்டு முடிஞ்சா இழுங்க. நீங்க ஓடினா நான் வெறும் பையோட வருவன். எல்லாரும் சிரிப்பாங்கள். பிறகு ஓட மாட்டீங்க."

அவன்தான் அந்த வழியைச் சொன்னான் என்பதைத் துரையிடம் மறக்காமல் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. என்மேல் உள்ள அன்பினால் அவனாகச் சொன்னது.

வேலை எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுழியோடி கல்லின்மேல் காலை வைத்து நிற்பான். கல் அவனைக் கீழே கொண்டுபோகும். அடியைத் தொட்டதும் அவன் கல்லை விட்டு இறங்கி, சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளுவான். கல்லை நாங்கள் உடனே மேலே எடுத்துவிடுவோம். மூச்சு முட்டினால் அவன் பைக் கயிற்றைச் சுண்டுவான். அந்தச் சுண்டல் கைக்குத் தெரிந்த அடுத்த கணம் இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவனுக்கு உள்ள சட்டம் அது ஒன்றுதான்.

இந்தச் சலாபத்தின் முதல் நாள் நான் பாடி முடித்து இழுத்தபோது கலந்தர் ஏறத்தாழ வெறும் பையோடுதான் வந்தான். தண்ணீரைத் துப்பிவிட்டு, "மச்சான், நான் இன்னும் கண்ணே திறக்கேல்ல" என்றான். வள்ளம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சில நாட்களில் பை அரைவாசி நிறைந்தது. பிறகு முக்கால்வாசி. அவன் கீழே இருக்கிறான் என்ற எண்ணம் என் குரலில் ஒரு கல்லைக் கட்டியதுபோல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாம் அடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. பல நாள் காய்ச்சலில் கிடந்தவனுக்கு ஒருநாள் காலையில் உடம்பு குளிர்ந்திருப்பதுபோல.

ஆனால் அவன் சுண்டுவான். நான் நிதானமாகப் பாடப் பாட, பாட்டு நீண்டது. நான்காம் அடிக்கு முன்பே கயிறு அசையும். அசைந்ததும் என் பழைய விரைவு திரும்பி வந்துவிடும். மிச்சத்தை அள்ளிக் கொட்டுவதுபோலப் பாடிவிட்டு இழுப்பேன். அன்றைக்குச் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு அசைவில் போய்விடும். அதனால் சுண்டாமலிருக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏலுமானமட்டும் பார்க்கிறன் மச்சான்" என்றான்.

அவன் சொன்னபடி செய்தான். சுண்டவில்லை. மாறாக, தாங்க முடியாதபோது கயிற்றை விட்டுவிட்டுத் தானாகவே மேலே வந்தான். மூன்றாம் அடியில் நான் இருக்கும்போது வள்ளத்தின் பக்கத்தில் அவன் தலை தெரியும். பாட்டை நடுவில் வெட்டுவது, பாடாமலே விடுவதைவிடக் கெட்டது. அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே ஒரு சின்ன மாற்றம் செய்தேன். கல்லை மேலே எடுக்காமல் அடியிலேயே விட்டேன். கல்லின் கயிற்றோடு அவன் இடுப்பைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். கயிறு இறுக்கமாக நின்றால்தான் நடை என் கைக்குத் தெரியும் என்று அவனிடம் சொன்னேன். அது பொய்யல்ல. உண்மையிலேயே தெரிந்தது. அவன் அசைவதும், குனிவதும், நிமிர்வதும் கயிறு வழியாக என் விரலுக்கு வந்தன.

நீங்கள் நினைப்பதுபோல அது ஆபத்தான முடிச்சல்ல. நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும் உருவுமுடிச்சு. கலந்தர் இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினான்.

சனூனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் எனக்குப் பக்கத்தில் நின்று வேறொரு சுழியோடிக்குக் கயிறு பிடிப்பவன். கல்லைக் காட்டி, தலையை ஆட்டி, அந்த உடைந்த தாடையால் ஏதோ சொன்னான். கலந்தர்தான் அவன் தோளில் தட்டினான். "ஒண்டுமில்ல சனூன் காக்கா, மச்சானுக்குப் பாட்டுச் சரிவருது" என்றான்.

சலாபம் முடியப்போகும் வாரத்தில் கலந்தருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. சுழியோடிகளுக்கு அது வராததல்ல. முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த முறை இறங்கினான். ஆனால் நான் மூன்றாம் அடியில் இருக்கும்போது முடிச்சை உருவிவிட்டு மேலே வந்துவிட்டான். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"இண்டைக்கு இவ்வளவும் காணும் மச்சான். காது இரையுது."

"இன்னும் ஒருக்கா" என்றேன். "இப்பதான் சரியா வந்தது."

"நாளைக்கு வாறன். சத்தியமா வாறன். வீட்டில ராத்தாட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, அவ சத்தம் போடுவா."

பிறகு அவன் செய்ததையும் சொல்ல வேண்டும். மேலே ஏறி வந்து, ஈரம் சொட்டச் சொட்டத் தண்டலிடம் போனான்.

"தண்டல், மச்சான் இப்ப வலு நிதானமாப் பாடுறார். ஒருக்கா வடிவாக் கேட்டுப் பாருங்கோ. எனக்கு இந்தப் பாட்டு வேண்டாம். அவருக்கே குடுங்கோ."

சீவரத்தினம் என்னைப் பார்த்தார். "நாளைக்குக் கேப்பம்" என்றார். "பிசகாமல் ஒருக்காப் பாடினீரெண்டால், திரும்பிப் போகேக்கை நீரே எடும்."

இந்தச் சொல்லுக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. சலாபம் முடிந்தால் அடுத்தது எந்த வருடமோ. கடலடிப் பாரில் சிப்பி இல்லையென்றால் துரைமார் விட மாட்டார்கள். நாளைய நாளை விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை. கரைக்கு வந்ததிலிருந்து ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் தொண்டையில் இப்போது குறை இல்லை, நடையிலும் இல்லை. குறை ஒன்றுதான் மிச்சம்: அவன் முடிச்சை உருவிவிடுகிறான்.

மறுநாள் காலையில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல இருந்தது. தண்டல் பின்பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார். கலந்தர் கல்லின்மேல் காலை வைத்தான். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஓடாதீங்க மச்சான்" என்றான். "நான் இருக்கிறன்."

பிஸ்மி சொல்லி மூக்கைப் பிடித்தான். நான் கயிற்றை விட்டேன்.

முதல் அடி நன்றாக விழுந்தது. இரண்டாம் அடியும் விழுந்தது. மூன்றாம் அடியில் கயிறு அசைந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் நான் கெட்டுப்போவேன். அன்றைக்குக் கெடவில்லை. மறுபடியும் அசைந்தது. அந்த அசைவைத் தாளமாக எடுத்துக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், கொஞ்ச நேரத்துக்கு அது ஏலேலோ விழும் இடத்திலேயே விழுந்தது. நான் மேலும் அவன் கீழுமாகச் சேர்ந்து பாடுவதுபோல இருந்தது. பிறகு அது இடையிலும் விழத் தொடங்கியது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒழுங்கில்லாமல் விழுந்தது. யார் என்னை விரட்டினாலும் விரைவதில்லை என்று நான் முடிவுசெய்திருந்தேன். நான்காம் அடியைப் பாடி முடித்தேன்.

சனூன் கத்தியது அப்போதுதான். அவனால் தன் கயிற்றை விட்டு வர முடியாது, அவனுடைய ஆளும் கீழே இருந்தான். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தாடை உடைந்தவன் பேச்சு விளங்காது என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது விளங்கியது. "இழு" என்று சொன்னான். பலமுறை சொன்னான். தண்டல் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்துவிடக்கூடாது என்று நான் அவனைப் பார்த்து, பேசாமலிரு என்று கையைக் காட்டினேன்.

கயிறு பிடித்த கைதான் அது. மற்றக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் அப்போதே இழுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாட்டு முடிந்தால் இழுப்பதென்றுதான் பேச்சு, பாட்டும் முடிந்துவிட்டது. ஆனால் நான்காம் அடியின் கடைசியில் நான் கொஞ்சம் விரைந்திருந்தேன். மிகக் கொஞ்சம்தான். தண்டலுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. எனக்குத் தெரிந்தது. அதை அப்படியே விட்டால், பிறகு அவர் பாட்டைத் தந்தாலும் நான் திருடி வாங்கியதாக இருக்கும். கயிற்றில் இன்னும் அசைவு இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்துக்குப் பிறகும் கொஞ்சம் கிடக்கும் என்று அவனே எனக்குச் சொல்லித் தந்திருந்தான்.

ஆகவே முதலடியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இரண்டாம் முறை பாடியதைப்போல நான் வாழ்க்கையில் பாடியதில்லை. இரண்டாம் அடி நடுவில் கயிறு அமைதியாகிவிட்டது. அதன்பிறகு எனக்கு இன்னும் எளிதாக இருந்தது. முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. கடைசி ஏலேலோ தன் இடத்தில் போய் நின்றது. தண்டல் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு சனூனைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

"கலந்தர் எங்கை?" என்றார்.

நான் இழுத்தேன். பாட்டு முடிந்ததும் நான் இழுத்தேன் என்பதை எல்லோரும் சொல்வார்கள். கல்லும் அவனும் சேர்ந்து கனமாக இருந்ததால் மற்றவர்களும் வந்து கைகொடுத்தார்கள். பை நிறைந்திருந்தது. அவன் விரல் நகங்கள் பிய்ந்து, முடிச்சின் தும்புக்குள் இரண்டு சிக்கியிருந்தன. எவராலும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. தண்டல் கத்தியை எடுத்து, முடிச்சு இடுப்பிலேயே கிடக்க, கல்லின் பக்கம் கயிற்றை அறுத்தார்.

அந்தத் துண்டுதான் உங்கள் மேசையில் இருக்கிறது. முடிச்சைக் கலந்தர்தான் போட்டான், பயத்தில் தவறாகப் போட்டுவிட்டான் என்று நான் ஊர் அதிகாரி விதானையாரிடம் சொன்னேன். அவரும் நம்பினார். கலந்தரின் மையித்தை எருக்கலம்பிட்டிக்குக் கொண்டுபோனபோது இடுப்பில் அந்தக் கயிறு இன்னும் இருந்தது. உம்மு குல்சூம் அழுதுகொண்டு அதைக் கழற்றப் போனாள். போன கை அப்படியே நின்றது. முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டு ஆட்டை நான் கட்டும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும், ஈரமானால் அவிழாது. அந்த ஆட்டை அவிழ்க்க முடியாமல் அவள் எத்தனையோ முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அவன் உங்களுக்காகத்தானே போனவன்" என்றாள். தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு விதானையார் வீட்டுக்கு நடந்து போனாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. தம்பியை இழந்தவள்.

ஓம், ஐயா. அந்த முடிச்சை நான்தான் போட்டேன். அவிழாது என்று தெரிந்துதான் போட்டேன். அவன் சுண்டியதும் எனக்குத் தெரிந்தது. நிறுத்தியதும் தெரிந்தது. இதையெல்லாம் துரைக்குச் சொல்லுங்கள், நான் கைநாட்டு வைக்கிறேன். ஆனால் அவனைக் கொல்ல வேண்டுமென்று ஒரு கணம்கூட நான் நினைத்ததில்லை. அவன் மேலே வந்து என் பாட்டைக் கேட்டிருந்தால், வள்ளத்தில் என்னைவிட அதிகமாகச் சந்தோசப்பட்டிருப்பவன் அவன்தான்.

இப்போது கேட்டுச் சொல்ல அவன் இல்லை. சனூன் என்னோடு பேசுவதில்லை. தண்டல் சீவரத்தினம் சாட்சி சொல்ல வருவார்தானே. அவர் பாட்டுத் தெரிந்த மனிதர், பொய் சொல்ல மாட்டார். வரும்போது அவரிடம் ஒன்றைக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள், ஐயா. இரண்டாம் முறை பாடும்போது நான் எங்கேயாவது ஓடினேனா என்று.